ஹொக்கி அணிக்கும் என் மகளுக்கும் ஒரே மண்டபம்

என் வீட்டுக்காரருக்கு இரண்டு விசர். ஒன்று ஐஸ் ஹொக்கி. மற்றது என்னவென்று கேட்டால், அதுவும் ஐஸ் ஹொக்கிதான்.

யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த மனிசன். ஐஸை மீன்பெட்டிக்குள் கண்டிருப்பார், சர்பத்துக்குள் கண்டிருப்பார், வேறெங்கும் கண்டிருக்க மாட்டார். ஜெர்மனிக்கு வந்த முதல் மாரியில், அகதிகள் தங்கும் வீட்டில் இருந்த நேரம், ஒரு ஜெர்மன்காரர் இரக்கப்பட்டு இவரை ஊர் ஐஸ் மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். பெரிய பெரிய ஆட்கள் தடியும் கையுமாக வழுக்கிக்கொண்டு வந்து, ஒருவரோடொருவர் மோதி விழுந்து, திரும்ப எழும்பி ஓடினதைப் பார்த்து இவர் மயங்கிப்போனாராம். அந்தக் குளிருக்குள் கையில் ஒரு கோப்பை சூப்பும் கொடுத்தார்களாம். சூப்புக்குத்தான் மயங்கினார் என்று நான் சொல்லுவேன். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

பிறகு நான் பிள்ளையோடு வந்து சேர்ந்து, அதே மண்டபத்தில் துப்பரவு வேலைக்குப் போனேன். அவர் விளையாட்டுப் பார்க்கப் போவார். அவரும் அவருடைய கூட்டாளிகளும் சிந்திவிட்டு வருவதைக் கூட்டுவதற்கு நான் போவேன். புருசன் கொட்ட மனிசி அள்ளுகிறாள் என்று சனம் பகிடி பண்ணும். எனக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை. கீழ் வாசலில் இருந்து மேல்வரிசைக் கதிரை மட்டும் அந்த மண்டபத்தில் என் கை படாத இடம் இல்லை. நான் துடைத்த கண்ணாடியில் எவராவது விரல் வைத்தால் ஒரு பார்வை பார்ப்பேன். இரண்டாம் முறை வைக்க மாட்டார்.

மண்டபம் பெரியது, ஊர் சின்னது. இரும்பு வேலையும் நிலக்கரியும் நல்லாய் ஓடிய காலத்தில் ஊர்க்காரர் தாராளமாய்ச் செலவழித்துக் கட்டியது அது. எங்கள் ஊர் அணியோ கீழ்ப்பிரிவு அணி. அவர்கள் விளையாடும்போது பார்க்க வருகிற சனம், அந்தப் பெரிய மண்டபத்துக்குள் ஒரு மூலையில், பந்தி முடிந்த பிறகும் போக மனமில்லாமல் நிற்கிற ஆட்கள் மாதிரி இருக்கும். இவர் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு அவர்களுக்கு நடுவில் நிற்பார். அணி தோற்றால் வீட்டில் இரவுச் சாப்பாடு இறங்காது. வென்றால் இரண்டு தரம் கேட்பார். அணி வழக்கமாகத் தோற்கிறபடியால் அரிசி மிச்சம்.

உலகக் கிண்ண உதைபந்தாட்டம் ஜெர்மனியில் நடந்து முடிந்த அடுத்த வருடம், வெயில் தொடங்குகிற நேரம். எனக்கு ஜெர்மன் பேப்பர் வாசிக்க வராது. இவர்தான் வாசித்துச் சொல்லுவார், தனக்கு வேண்டியதை மட்டும். ஒருநாள் காலமை பேப்பரைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் ஓடிவந்தார்.

“இஞ்சரும், கேட்டீரோ? முதல்தர அணி ஒண்டு எங்கட ஊருக்கு வரப்போகுதாம்!”

“விருந்துக்கோ?”

“குடியிருக்க!”

விளக்கமாகச் சொன்னார். காரில் இரண்டு மணித்தியாலம் தள்ளி ஒரு நகரம். அங்கே முதல்தர ஐஸ் ஹொக்கி அணி ஒன்று கனகாலமாக இருக்கிறது. அவர்களின் மண்டபம் பழசாகிப்போய்க் கூரை ஒழுகுகிறது. இப்படி ஒரு மண்டபத்தை வைத்துக்கொண்டு முதல்தரத்தில் விளையாட ஏலாது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அந்த நகரசபையோ புது மண்டபம் கட்டுவதா விடுவதா என்று இழுத்துக்கொண்டிருக்கிறது. அதனால் அணிக்காரர், மண்டபம் உள்ள ஊராகப் பார்த்துப் போகப்போகிறோம் என்று சொல்லுகிறார்களாம்.

எனக்கு விளங்கவில்லை. “அணியை எப்பிடியப்பா இன்னொரு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போறது? அதின்ர பேர் என்ன ஆகிறது? அதைப் பார்க்கிற சனம் என்ன ஆகிறது?”

“பேரை மாத்தலாம். சனம் புதுசாய் வரும். மண்டபத்தைத்தான் தூக்கிக்கொண்டு திரியேலாது. எங்க மண்டபம் இருக்கோ அங்க அணி.”

யோசித்துப் பார்த்தால் சரிதான். நாங்களும் இருக்க இடம் கிடைத்த ஊருக்குத்தானே வந்தோம். என்ன, எங்களை வரவேற்று ஒருவரும் பேப்பரில் போடவில்லை.

அடுத்த கிழமை அணிக்காரர் மூன்று பேர் மண்டபம் பார்க்க வந்தார்கள். மண்டபப் பொறுப்பாளர் முதல்நாளே என்னிடம் சொல்லிவிட்டார். அவர் பெரிய மீசை வைத்த ஜெர்மன்காரர், நல்ல மனிசன். என்னோடு வேலை செய்த தமிழ்ப் பிள்ளைகள் என்னைக் கூப்பிடுகிற மாதிரித் தானும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

“அக்கா, நாளைக்கு எல்லாம் பளபளவெண்டு இருக்க வேணும்.”

“இண்டைக்கு என்ன, மங்கிப்போயோ இருக்கு?” என்று கேட்டேன். கண்ணாடியில் வைக்கப்போன விரலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வந்தவர்களை வாளியும் துடைப்பமுமாக நின்று பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரில் பொம்பிளை பார்க்க வருகிற மாப்பிள்ளை வீட்டுக்காரர் இதே மாதிரித்தான் வருவார்கள். ஒருவர் கூரையை அண்ணாந்து பார்க்கிறார். ஒருவர் கதிரையைத் தட்டிப் பார்க்கிறார். மற்றவர் ஒன்றையும் தொடாமல், முகத்தில் ஒன்றையும் காட்டாமல், பின்னுக்குக் கையைக் கட்டிக்கொண்டு நடக்கிறார். அவர்தான் மாப்பிள்ளையின் மாமன், முடிவு சொல்லுகிற ஆள். கார் விட இடம் காணாதே என்று ஒரு குறை. பணக்காரர் இருந்து பார்க்க தனி அறை இல்லையே என்று இன்னொரு குறை. பொறுப்பாளர் பொம்பிளையின் தகப்பன் மாதிரி நெற்றியைத் துடைத்துத் துடைத்து, “அது செய்யலாம், அதுவும் செய்யலாம்” என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார். அவருடைய மனிசி அடித்த கேக்கை மூன்று பேரும் இரண்டு துண்டு வீதம் சாப்பிட்டார்கள். போகும்போது மாமன்காரர் கை கொடுத்து, “போய் அறிவிக்கிறோம்” என்றார்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். “இது சரிவராது. சாப்பிட்டிட்டுப் போய்ச் சொல்லுறம் எண்டு போற ஆக்களின்ர கண்ணை எனக்குத் தெரியும். வேற இடத்திலயும் கதை நடக்குது.”

“உமக்கு ஹொக்கியைப் பற்றி என்ன தெரியும்?”

“ஹொக்கியைத் தெரியாது. மாப்பிள்ளை வீட்டுக்காரரைத் தெரியும்.”

இவருக்குக் கோபம். அன்றைக்கு அணி தோற்காமலே அரிசி மிச்சம்.

அந்த வருடம் எங்கள் வீட்டிலும் ஒரு கலியாணம். எங்களுக்கு ஒரே ஒரு மகள். அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்படிப்பு முடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை பீலெஃபெல்ட் நகரத்தில், நல்ல பிள்ளை. இரண்டு பேரும் தாங்களே பார்த்துப் பேசி எல்லாம் முடித்துவிட்டு, பெரியவர்களுக்கும் ஒரு வேலை இருக்கட்டும் என்று சாதகத்தை எங்கள் கையில் தந்தார்கள். நாங்களும் புதிதாகக் கண்டுபிடித்த மாதிரிப் பொருத்தம் பார்த்தோம். நல்லகாலம், பொருந்தியது.

நாள்தான் பொருந்தவில்லை. ஐயர் பஞ்சாங்கத்தைத் திருப்பித் திருப்பி, ஆவணியில் ஒரே ஒரு ஞாயிறு, காலமை முகூர்த்தம் என்றார். அதை விட்டால் புரட்டாசியில் செய்ய மாட்டோம். ஐப்பசியில் மாப்பிள்ளையின் தமையனுக்குக் கனடாவில் லீவில்லை. கார்த்திகையில் மாப்பிள்ளைக்குக் கிரகம் சரியில்லை. மார்கழியைப் பற்றிக் கதைக்கவே தேவையில்லை. ஆக, அந்த ஞாயிறுதான்.

மண்டபத்துக்கு நான் எங்கேயும் அலையவில்லை. வுப்பர்டாலில் இருக்கிற எங்கள் சொந்தச் சனம், மாப்பிள்ளை பக்கத்துப் பீலெஃபெல்ட் சனம், எங்கள் ஊர்ச் சனம், கனடாச் சனம் எல்லாரையும் கொள்ளுகிற மண்டபம் இந்தச் சுற்றுவட்டத்தில் நான் துடைக்கிற மண்டபம்தான். புரட்டாசி கடைசி மட்டும் அங்கே ஐஸ் போடுவதில்லை. வெறும் சீமெந்துத் தரை. மாரியிலேயே பொறுப்பாளரிடம் சொல்லி அந்த ஞாயிறை எங்கள் பெயரில் எழுதுவித்துவிட்டேன். வேலை செய்கிற இடத்தில் மகளின் கலியாணத்தை வைக்கிறாளே என்று ஒன்றிரண்டு பேர் இழுத்தார்கள். அந்த மண்டபம் எவ்வளவு துப்பரவு என்று எனக்கல்லோ தெரியும்.

ஆடி மாதம் ஒரு பின்னேரம் பொறுப்பாளர் வீட்டுக்கு வந்தார். கையில் பூ, மற்றக் கையில் கேக். ஜெர்மன்காரர் பூவோடு வந்தால் சந்தோசம், கேக்கோடு வந்தாலும் சந்தோசம், இரண்டோடும் வந்தால் கவனமாய் இருக்க வேண்டும்.

இருத்தி, தேத்தண்ணி கொடுத்தேன். கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“அக்கா, அணிக்காரர் எங்கட ஊர் அணியோட ஒரு பரீட்சை ஆட்டம் விளையாடிப் பார்க்கப்போகினம். எங்கட ஊரில சனம் வருமோ, மண்டபம் சரிவருமோ எண்டு பார்க்கத்தான்.”

“நல்லது. விளையாடட்டும்.”

“அது ஆவணியில... அந்த ஞாயிறு.”

இவர் கேக்கை வெட்டப்போன கத்தியை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நின்றார்.

“வேற ஞாயிறு இல்லையோ?” என்று கேட்டேன்.

“மற்ற ஞாயிறுகள் எல்லாம் அவைக்கு வேற ஊரில ஆட்டம். இதுக்கெண்டு ஐஸையும் முந்திப் போடச் சொல்லியாச்சு. அக்கா, நான் சொல்லுறதைக் கேளுங்கோ. இந்த அணி வந்தால் மாரி முழுக்க வெள்ளியும் ஞாயிறும் மண்டபம் அவைக்கு வேணும். நகரசபை, மண்டபம் எப்பவும் வெறுமையாய்த்தான் கிடக்கு, எப்பவெண்டாலும் வாங்கோ எண்டு வாக்குக் குடுத்திட்டுது. முதல் கேட்ட நாளே இல்லையெண்டு சொன்னால் அவை என்ன நினைப்பினம்? பக்கத்துப் பள்ளிக்கூட மண்டபத்தை உங்களுக்கு ஒழுங்குபண்ணித் தாறன்.”

“அதுக்குள்ள எங்கட சனத்தின்ர செருப்பைக்கூட அடுக்கேலாது.”

“அப்ப அடுத்த சனிக்கிழமை?”

“உங்களுக்கு டெர்மின் எண்டால் எவ்வளவு பெரிய விசயம்? பல்லு டொக்டரிட்டப் போற டெர்மினையே நீங்கள் மாத்த மாட்டியள். எங்களுக்கு இது கடவுளோட வைச்ச டெர்மின். அவரிட்ட ஆர் போன் பண்ணிக் கேக்கிறது?”

மீசைக்குள் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுபோனது. “அந்த அணி வராட்டில் இந்த மண்டபத்தை எவ்வளவு காலத்துக்கு நகரசபை வைச்சிருக்குமெண்டு எனக்குத் தெரியாது, அக்கா,” என்றார்.

மனிசனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அதற்காக மகளின் முகூர்த்தத்தைக் கொடுக்க ஏலுமோ? ஏலாது என்று சொல்லி, மிச்சக் கேக்கைக் கட்டி அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன்.

அவர் போனபிறகு இவர் குசினிக்கும் விறாந்தைக்கும் நடந்தார்.

“இஞ்சரும், ஐயரிட்ட ஒருக்கா...”

“என்ன?”

“இல்லை, பின்னேர முகூர்த்தம் ஏதும்...”

“இஞ்சருங்கோ, நீங்கள் மகளுக்குத் தகப்பனோ, ஹொக்கிக்குத் தகப்பனோ?”

இந்தக் கேள்விக்கு இவர் உடனே மறுமொழி சொல்லியிருக்க வேண்டும். கொஞ்சம் யோசித்தார். அதை நான் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவேன்.

கதை ஊருக்குள் போய்விட்டது. பாண் கடையில் நிற்கிற பொம்பிளை, வழக்கமாக என்னைக் கண்டால் வெயிலைப் பற்றிக் கதைப்பவள், அன்றைக்கு, “உங்கட கலியாணத்தால அணி வராதாமே?” என்றாள். “கலியாணத்துக்குப் பயந்து ஓடுகிற அணி, தோல்விக்கு என்ன செய்யும்?” என்று கேட்டுவிட்டுப் பாணை வாங்கிக்கொண்டு வந்தேன். ஆனால் இரவு படுத்தால் நித்திரை வரவில்லை. எழுதித் தந்த நாள்தான். நகரசபை நினைத்தால் ஏதாவது சட்டத்தைக் காட்டி மாற்றமாட்டார்களோ? கலியாண அட்டை அடித்தாகிவிட்டது. கனடாக்காரர் ரிக்கெற் எடுத்தாகிவிட்டது. மகளோ, “அம்மா, பள்ளிக்கூட மண்டபத்தில வைச்சாலும் நான் கட்டுவன்,” என்றாள். அவள் கட்டுவாள். நான் எந்த முகத்தோடு சனத்தை வெளியில் நிற்பாட்டிச் சோறு போடுவேன்?

கடைசியில் வழி கண்டுபிடித்தது, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, இவர்தான். ஒருநாள் சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பினார்.

“கார்னவல் திருவிழா நேரம் இந்த மண்டபத்தில என்ன செய்யிறவை? ஐஸுக்கு மேல பலகை விரிச்சுத்தானே ஆடுறவை! காலமை பலகைக்கு மேல நாங்கள். மத்தியானம் பலகையைத் தூக்கிப்போட்டுப் பின்னேரம் அவை!”

எனக்கும் அந்தப் பலகை தெரியும். அதைத் துடைத்ததே நான்தான். அணிக்காரரிடம் பொறுப்பாளர் கேட்க, அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு நடந்த மாமன்காரர் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். மத்தியானம் இரண்டு மணிக்கு மண்டபத் தரையில் ஒரு பலகையும் இருக்கப்படாது. இரண்டு மணி தாண்டினால் ஆட்டமும் இல்லை, இந்த ஊர்ப் பேச்சும் இல்லை.

பீலெஃபெல்டுக்குப் போன் எடுத்துச் சம்பந்தியம்மாவிடம் சொன்னேன். உடனே வந்தது மறுமொழி.

“ஐஸுக்கு மேலயோ? என்ர பிள்ளை என்ன, பெட்டியில வைச்ச மீனோ?”

“இடையில பலகை இருக்கு, அக்கா.”

“பலகைக்குக் கீழ?”

“ஐஸ்தான்.”

“அப்ப மீன்தான்.”

ஆனால் பகிடி விடுகிற மனிசி நாள் மாற்றச் சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுத்து, “முகூர்த்தம் அதேதானே?” என்றாள். அதேதான் என்றேன். “அப்ப சரி. பிள்ளையை வேட்டிக்குள்ள கம்பளிக் காற்சட்டை போட்டுத்தான் அனுப்புவன்,” என்றாள்.

எனக்குக் குளிர் பயமில்லை. இரண்டு மணிதான் பயம். தமிழ்க் கலியாணம் சொன்ன நேரத்துக்குத் தொடங்கும், ஏனென்றால் முகூர்த்தம் இருக்கிறது. முடிவதற்கு முகூர்த்தம் இல்லை. தாலி கட்டி, அறுகரிசி போட்டு வாழ்த்தி, பந்தி நடக்க நடக்க, ஒவ்வொரு குடும்பமாக மணவறைக்கு ஏறிப் பொம்பிளை மாப்பிள்ளையோடு நின்று படம் எடுக்க வேண்டும். அதுதான் இருட்டும் வரைக்கும் போகிற வேலை. வந்ததற்கு அந்தப் படம்தான் சாட்சி. எடுக்காமல் ஒரு சனமும் போகாது.

அந்த ஞாயிறும் வந்தது. மண்டபத்துக்குள் கால் வைத்ததும் மூச்சு புகையாக வந்தது. காஞ்சிபுரத்துக்கு மேல் எல்லாரும் மாரிக் கோட்டு. கொண்டைப் பூவும் கம்பளித் தொப்பியுமாகப் பெரிய மனிசிகள். ஐயர் சால்வைக்குள் கழுத்து மூடின கம்பளிச் சட்டை போட்டிருந்தார். சாத்திரத்தில் தடை இல்லை என்று கேட்காமலே சொன்னார். ஓம குண்டத்தில் நெருப்பு மூட்டியதும் சனம் முழுக்க, எந்தக் கலியாணத்திலும் இல்லாத பக்தியோடு, அதைச் சுற்றி நெருங்கி வந்தது. அம்மி மிதிக்கிற நேரம் மாப்பிள்ளை மகளின் காலைப் பிடித்து அம்மியில் வைக்க, அவள், “ஐயோ, குளிருது!” என்று கத்தினது வீடியோவில் இருக்கிறது.

தாலி ஏறியது. மேளம் முழங்கியது. அந்த நேரம் எனக்கு ஹொக்கியும் இல்லை, நகரசபையும் இல்லை. அவள் கழுத்தைப் பார்த்தபடி நின்றேன். இவர் பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சினார். குளிர் என்றார்.

பிறகுதான் பயந்தது நடந்தது. பந்தி ஓடுகிறது, படத்துக்கு நிற்கிற வரிசையோ மணவறையில் தொடங்கி வாசல் மட்டும் போய் வளைந்து நிற்கிறது. வீடியோக்காரன் ஒவ்வொரு குடும்பத்தையும், “தலையைச் சரியுங்கோ, சிரியுங்கோ, இன்னும் ஒண்டு” என்று ஆறுதலாக நிற்பாட்டுகிறான். மத்தியானம் ஒரு மணிக்கு முதலே அணிக்காரரின் பேருந்து வந்துவிட்டது. கதவுகள் மாதிரி அகலமான பெடியள் இருபது பேர் மட்டில் பையும் தடியுமாக வாசலில் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் மாமன்காரர், கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு.

வாசலில் நிற்கிறவனைச் சாப்பிடாமல் நிற்க விடுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. “முதல் இவையை இருத்துங்கோ” என்று கத்தினேன். இருத்தினோம். சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் வடையும் பாயாசமும் பரிமாறினோம். வடை நாலு தரம் போய் வந்தது. ஒரு பெடியன் மிளகாயைக் கடித்துவிட்டுக் கண் சிவக்க எழும்பி நிற்க, எங்கள் பொம்பிளைகள் மோருக்கு ஓடினார்கள். மாமன்காரரும் இருந்தார். ஒன்றையும் தொடாத மனிசன் அப்பளத்தை மட்டும் நொறுக்கிக்கொண்டே இருந்தார்.

பொறுப்பாளர் மணிக்கூட்டைக் காட்டினார். “அக்கா, வரிசை!”

மணவறைக்குப் போனேன். “மணவறையைத் தூக்குங்கோ,” என்றேன்.

சம்பந்தியம்மா நெஞ்சில் கை வைத்தாள். “என்ன கதை இது? சனம் மணவறைக்கு வாறதோ, மணவறை சனத்திட்டப் போறதோ?”

“பெரிய அணியே மண்டபத்தைத் தேடி ஊர் ஊராய்த் திரியுது, அக்கா. எங்கட மணவறை நாலடி நகர்ந்தால் என்ன?”

சாப்பிட்டு முடித்த ஹொக்கிப் பெடியள் கை கழுவிக்கொண்டு வந்து, என்ன ஏது என்று கேட்காமல், எங்கள் பெடியளோடு சேர்ந்து மணவறையை அப்படியே தூக்கிப் பலகை விரிக்காத ஓரத்துக்குக் கொண்டுபோய், கோல் வலை சாத்தி வைத்திருந்த இடத்துக்கு முன்னால் வைத்தார்கள். வீடியோக்காரனிடம், இனி ஒரு குடும்பம் இல்லை, ஒரு ஊர், ஒரு படம் என்று சொன்னேன். வுப்பர்டால் எல்லாரும் ஒரு தரம், பீலெஃபெல்ட் ஒரு தரம், கனடா ஒரு தரம். சனம் முணுமுணுத்தது. ஆனால் நின்றது. பின்னால் பலகை ஒவ்வொன்றாக எழும்பியது. இரண்டு மணிக்குக் கொஞ்சம் முந்திக் கடைசிப் பலகை வெளியில் போனபோது பொறுப்பாளர் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டார். மீசை குத்தியது. எங்கள் அல்பத்தில் பாதிப் படங்களில் பொம்பிளை மாப்பிள்ளைக்குப் பின்னால் ஒரு வலை தெரியும்.

இப்போது வேறொரு சிக்கல். கலியாணம் வழக்கம்போலப் பொழுதுபட்டுத்தான் முடியும் என்று வுப்பர்டாலுக்கும் பீலெஃபெல்டுக்கும் போகிற பேருந்துகளை இரவு எட்டு மணிக்குத்தான் வரச் சொல்லியிருந்தோம். அவ்வளவு சனமும் எங்கே போவது? பின்னேரத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பவும் ஏலாது. எல்லாரையும் மேலே பார்வையாளர் கதிரையில் இருத்தி, பயித்தம் பணியாரமும் தேத்தண்ணியும் வரிசை வரிசையாகக் கொடுத்தோம். அப்படியே ஆட்டமும் தொடங்கியது.

ஊர் ஜெர்மன்காரர் ஒரு பக்கம், எங்கள் சனம் மறுபக்கம். மண்டபம் அன்றைக்கு நிறைந்த மாதிரி நான் அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை. எங்கள் சனத்துக்கு எது எந்த அணி என்று தெரியாது. சோறு சாப்பிட்ட பெடியள் எங்கள் பெடியள், அவ்வளவுதான். “டேய், வடை சாப்பிட்டவன் விழுந்திட்டான்!” என்று சம்பந்தியம்மா எழும்பி நின்று கத்தினாள். மேளக்காரருக்கும் பேருந்து எட்டு மணிக்குத்தானே. ஒவ்வொரு கோலுக்கும் தவில் அடித்தார்கள். இவர் பட்டு வேட்டிக்கு மேல் சிவப்பு வெள்ளைச் சால்வையோடு மேலும் கீழும் ஓடி, ஆட்டத்தின் சட்டத்தை எல்லாருக்கும் விளங்கப்படுத்தினார். ஒருவரும் கேட்கவில்லை. அவர் நிறுத்தவும் இல்லை.

மாமன்காரர் கீழே நின்று, நிறைந்த கதிரைகளை இந்தக் கரை தொடக்கம் அந்தக் கரை மட்டும் பார்த்தார். பேப்பர்காரர் படம் எடுத்தார்கள். போகும்போது அவர் பொறுப்பாளரிடம், “உங்கள் ஊர்ச் சனத்துக்கு இந்த விளையாட்டில் இவ்வளவு ஆசை என்று நான் நினைக்கவேயில்லை,” என்றாராம். பொறுப்பாளர் மீசையைத் தடவிக்கொண்டு ஒன்றும் சொல்லவில்லையாம். நல்ல மனிசன்தான், ஆனால் முட்டாள் இல்லை.

மறுமொழி ஐப்பசியில் வந்தது. அதையும் இவர்தான் வாசித்தார். ஆனால் இந்த முறை குசினிக்குள் ஓடி வரவில்லை. கதிரையிலேயே இருந்தார்.

நடந்தது இதுதான். எங்கள் மண்டபம் நிறைந்து வழிந்த படம் அவர்களின் நகரத்துப் பேப்பரிலும் வந்திருக்கிறது. இந்தச் சின்ன ஊரிலேயே இவ்வளவு சனம் வருகிறதே, எங்கள் அணி கையை விட்டுப் போகப்போகிறதே என்று அந்த நகரத்துச் சனம் நகரசபைக்கு முன்னால் போய் நின்றிருக்கிறது. இழுத்துக்கொண்டிருந்த நகரசபை புது மண்டபம் கட்டச் சம்மதித்துவிட்டது. அணி தன் ஊரிலேயே இருக்கப்போகிறது.

“நான் சொன்னனானெல்லோ” என்ற சொல் நாக்கு நுனி மட்டும் வந்தது. இவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கினேன். இரண்டு நாளைக்கு விழுங்கித்தான் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் சொல்லிவிட்டேன்.

மகள் பீலெஃபெல்டுக்குப் போனபிறகு நாங்கள் அடிக்கடி அங்கே போய் வருவோம். அடுத்த வருடம் ஒருநாள், இடியப்பமும் மீன் குழம்பும் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டோம். இரண்டு மணித்தியாலம் ஓடினபிறகு இவர் சொல்லாமல் கொள்ளாமல் பெரு வீதியை விட்டு இறங்கிக் காரைத் திருப்பினார். ஒரு நகரம். பாரம் தூக்கிகள் நிற்கிற ஒரு பெரிய வளவு. கம்பி வேலிக்குப் பக்கத்தில் நிற்பாட்டி இறங்கினார். அதுதான் அந்த அணியின் புது மண்டபம், பாதி எழும்பி நின்றது.

வேலி ஓரமாக, கட்டுவித்தவரே வந்து பார்க்கிற மாதிரி, அந்தத் தொங்கலில் இருந்து இந்தத் தொங்கல் மட்டும் நடந்தார். தலையில் மஞ்சள் தொப்பியோடு நின்ற ஒரு வேலைக்காரர், என்ன வேண்டும் என்று கேட்டார்.

“இதைக் கட்டுவிச்சது நாங்கள்தான்,” என்றார் இவர். “என்ர மகளின்ர கலியாணம்.”

அந்த ஆள் இவரைப் பார்த்தார், காருக்குள் இருந்த என்னைப் பார்த்தார். கலியாணத்துக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுத் தன் வேலைக்குப் போனார்.

“இஞ்சருங்கோ,” என்று கண்ணாடியை இறக்கிக் கூப்பிட்டேன். “குழம்பு ஆறுது. பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்.”

வந்து ஏறினார். சாவியைத் திருப்பாமல் கொஞ்ச நேரம் அந்தக் கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இனி மாதத்தில ரெண்டு மூண்டு தரமெண்டாலும் பிள்ளையைப் பார்க்க வரவேணும்,” என்றார்.

“பிள்ளை இருக்கிற ஊருக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் ஓட வேணுமே.”

“அதுதானே சொல்லுறன்,” என்றார். “வழியிலதானே கிடக்கு.”